பால்மறந்த குழந்தை: புதுச்சேரி அருகே மூன்று இரவு மௌனத் தியானம், ஒரு மதிப்புரை

கடந்த லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம்), புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்த ஒரு தியான இல்லத்தில், வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு மதியம் வரை மூன்று இரவுகள் தங்கி மௌனத் தியானத்தில் கலந்துகொண்டேன். உணவு, தங்குமிடம், வழிகாட்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார்கள். இல்லத்தை நடத்துவோர் கத்தோலிக்கத் துறவியர். நானோ கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்த லுத்தரன், அதாவது சீர்திருத்தச் சபைக்காரி. குறைகள் சிலவற்றை மறைக்காமல் எழுத வேண்டியிருப்பதால் இல்லத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். இத்தகைய தியானங்களின் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், பெயர் இல்லாமலும் இந்த மதிப்புரை யாருக்காவது பயன்படும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்த்தர் வந்தாரா, வரவில்லையா என்பதற்கு நட்சத்திரம் போட முடியாது. விசிறி ஓடியதா, வாளி ஒழுகியதா, பேசியவருக்குப் பேசத் தெரிந்ததா, தனியாக இருக்க விடுவோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் உண்மையிலேயே தனியாக இருக்க விட்டார்களா என்பதற்குப் போடலாம். அந்த அளவில்தான் எழுதுகிறேன்.

நான் போன காரணத்தைச் சொல்லாவிட்டால் என் மதிப்பீடு விளங்காது. எனக்கு வயது 57. அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. சபையின் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகளாகப் பாடுகிறேன். ஞானப்பாட்டின் எண்ணைச் சொன்னால் முதல் வரி தானாக நாக்கில் வந்து நிற்கும். ஆனால் சில ஆண்டுகளாக, பாவ அறிக்கையை வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மதியக் குழம்புக்குப் புளி ஊறப்போட்டேனா என்று மனம் தனியாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பேரேடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. பெட்டியில் ரொக்கம் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை. எழுப்புதல் கூட்டங்களுக்கும் போய்வந்தேன். பந்தலுக்குள் அழுகை வரும், நெஞ்சு லேசாகும், வீடு திரும்பும் பேருந்தில்கூட அந்தச் சூடு இருக்கும், செவ்வாய்க்கிழமைக்குள் ஆறிவிடும். பிறகு அடுத்த கூட்டத்தின் சுவரொட்டியை எதிர்பார்க்கத் தொடங்குவேன்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் பெண் அரியாங்குப்பத்துக்காரி, கத்தோலிக்கப் பெண். ஒருநாள் உணவு இடைவேளையில் நான் இதைப் புலம்பியபோது, “அக்கா, நீங்க எப்பவும் சாமிகிட்ட பேசிக்கிட்டே இருக்கீங்க. ஒரு மூணு நாள் வாயை மூடிக்கிட்டுத்தான் பாருங்களேன்” என்றாள். கேட்டதும் கோபம் வந்தது. கோபம் வந்த இடத்தில் ஏதோ உண்மை இருக்க வேண்டும் என்று தோன்றியதால் அன்று மாலையே தொலைபேசியில் இடம் பதிந்தேன்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அங்கிருந்து நகரப் பேருந்து. கடைசிக் கொஞ்ச தூரம் ஆட்டோ. பதிவு மேசையில் கைப்பேசியை ஒரு துணிப்பையில் போட்டு, பெயர் எழுதிய சீட்டை ஊசியால் குத்தி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவசரத்துக்கு வீட்டார் அழைக்க அலுவலக எண்ணைக் கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. தொலைபேசியில் பேசியபோது குளியலறை சேர்ந்த அறை என்று சொன்னவர்கள், நேரில் போனதும் அப்படிப்பட்ட அறைகள் அருட்தந்தையர் குழு ஒன்றுக்குப் போய்விட்டதாகச் சொல்லி, பொதுக் குளியலறை உள்ள கூடத்தில் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். கட்டணத்தைக் குறைக்கவில்லை. நானே கேட்கும்வரை ரசீதும் தரவில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? குளியலறையில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. வாளியின் அடியில் ஒரு விரிசல் இருந்ததால், பாதிக் குளியலுக்குள் தண்ணீர் கால்வழியே போய்விடும். மூன்று நாளும் அதே வாளிதான்.

அறையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். இரும்புக் கட்டில், மெல்லிய மெத்தை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம், சன்னலுக்கு வெளியே ஒரு பூவரச மரம். மின்சாரம் போனாலும் விசிறி ஓடியது. கொசுவலை உண்டு.

காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். காலைச் செபம், திருப்பலி, சிற்றுண்டி, ஒன்பது மணிக்கு ஓர் உரை, அதன்பின் மதியம்வரை மௌனம். பிற்பகலில் மீண்டும் ஓர் உரை, மீண்டும் மௌனம், ஐந்து மணிக்குத் தோட்டத்தில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள், அந்தி மங்கியதும் நற்கருணை ஆராதனை (இயேசுவின் உடலாக மதிக்கப்படும் அப்பத்தின் முன் செபம்), இரவுணவுக்குப் பின் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை. இந்த அட்டவணையில் உரைகளுக்கு ஒதுக்கியது நாளுக்கு ஒன்றரை மணி நேரம். வெறும் மௌனத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். வந்தவர்களில் பலர் உரைகளைத்தான் தியானம் என்று எண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள் என்பது, மௌன வேளைகளில் அவர்கள் தோட்டத்தில் கால்மாற்றி நின்ற விதத்திலேயே தெரிந்தது. நானும் முதல் நாள் அப்படித்தான் நின்றேன்.

சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். காலையில் இட்லியோ பொங்கலோ. மதியம் சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல், மோர். இரவு கஞ்சியும் துவையலும். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. மீன் குழம்பு இருந்தது, அதுவும் கடலூர்க்காரி ஒருத்தி குறை சொல்ல முடியாத மீன் குழம்பு. ஐம்பது பேர் பேசாமல் சாப்பிடும் கூடத்தில் ஒலிகள் எல்லாம் பெரிதாகிவிடுகின்றன. எவர்சில்வர் தம்ளரை மேசையில் வைக்கும் சத்தம்கூட ஒரு வாக்கியம்போலக் கேட்கும். மோர் வேண்டும் என்று கேட்க முடியாததால் எதிரே இருப்பவரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அவரும் உங்களைக் கவனிக்கிறார். இரண்டாம் நாள் மதியம், பெயர் தெரியாத ஒரு மூதாட்டி என் இலையைப் பார்த்துவிட்டு, நான் நிமிர்வதற்குள் ஊறுகாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் சபை ஐக்கிய விருந்துகளில் முப்பது ஆண்டுகளாக எத்தனையோ பேச்சு பேசியிருக்கிறேன். ஒருவருடைய இலையில் ஊறுகாய் தீர்ந்துவிட்டதை நான் கவனித்ததாக நினைவில்லை.

உரைகள் சுமார்தான். முதல் இரவு பேசியவர், சாவு, தீர்ப்பு, நரகம் என்று ஒன்றரை மணி நேரம் எங்களை வறுத்தெடுத்தார். பயணக் களைப்பில் இருந்த பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், மீதிப் பேர் பயந்துபோய் விழித்திருந்தார்கள். உரைக்கூடத்தின் வாசலிலேயே செபமாலை, எண்ணெய்ப் புட்டி, குறுந்தகடு, சிறு நூல்கள் என்று ஒரு மேசை. ஒவ்வோர் உரையின் முடிவிலும் அந்த மேசையைப் பற்றி ஓர் அறிவிப்பு. மௌனம் காக்கச் சொல்லிவிட்டு விற்பனை அறிவிப்பு செய்வது எனக்கு ஒப்பவில்லை. இரண்டாம் நாளிலிருந்து வேறொரு அருட்தந்தை பேசினார். அவர் குறைவாகப் பேசினார், நிதானமாகப் பேசினார், முக்கியமாக, முடிக்க வேண்டிய நேரத்தில் முடித்தார்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் கதையை அவர் சொன்ன விதம் மனத்தில் நின்றது. 1521இல் பாம்ப்லோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, சொந்த ஊர் மாளிகையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அந்த வீரர், படிக்க வீரதீரக் கதைகள் கேட்டாராம். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும்தான் கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றைப் படித்து, அந்தப் புனிதர்களைப்போல வாழ்வதாகக் கனவு கண்டார். நடுநடுவே, தாம் ஆசைப்பட்ட ஒரு சீமாட்டியை எப்படிக் கவர்வது என்றும் பகற்கனவு கண்டார். இரண்டு கனவுகளும் காணும்போது இனித்தன. சீமாட்டிக் கனவு கலைந்தபின் நெஞ்சு வறண்டு கிடந்தது. புனிதர்களைப் பற்றிய கனவு கலைந்தபின்னும் ஒரு நிறைவு தங்கியிருந்தது. எது தங்குகிறது, எது தங்குவதில்லை என்ற அந்த ஒரு கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள். 1522இல் மன்ரேசா என்னும் ஊரில் எழுதத் தொடங்கிய குறிப்புகள். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஏற்பளித்தார். முழுப் பயிற்சிக்கு முப்பது நாள் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அதன் சாறு.

அந்தப் பயிற்சிகளின் தொடக்கக் குறிப்புகளிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு: ஆன்மாவை நிறைவிப்பது நிறைய அறிவது அல்ல, அறிந்த கொஞ்சத்தை உள்ளே உணர்ந்து சுவைப்பதே. ஞானப்பாட்டுப் புத்தகத்தையே மனப்பாடம் செய்து வைத்திருந்த எனக்கு இது கன்னத்தில் விழுந்த அறை. செவ்வாய்க்கிழமை ஆறிப்போகும் சூடு அந்தச் சீமாட்டிக் கனவைப் போன்றதுதான் என்று அன்றுதான் முதன்முறையாக அடையாளம் கண்டேன்.

இந்த இல்லத்தின் உண்மையான சரக்கு தனி வழிகாட்டல். நாளுக்கு ஒருமுறை, இருபது நிமிடம், ஒருவரைச் சந்தித்துப் பேசலாம். எனக்கு வாய்த்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு சிஸ்டர். மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார், நாம் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். முதல் நாள் நான் என் முப்பதாண்டு வரலாற்றைக் கொட்டித் தீர்த்தேன். கேட்டு முடித்து, “பைபிள்ல சங்கீதம் 131 மட்டும் எடுத்துக்குங்கம்மா. மூணே வசனம். வேற எதுவும் இன்னைக்கு வாசிக்க வேணாம்” என்றார். மூன்று வசனத்தை ஐந்து மணி நேரம் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

அறை மேசையில் திருவிவிலியம் இருந்தது; என் பையில் பரிசுத்த வேதாகமம் இருந்தது. இரண்டும் பைபிள்தான் என்று வெளியாருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நாங்கள் கர்த்தர் என்போம், அவர்கள் ஆண்டவர் என்பார்கள். எங்களுக்கு ஜெபம், அவர்களுக்குச் செபம். நாங்கள் ஆலயத்துக்குப் போவோம், அவர்கள் கோவிலுக்குப் போவார்கள். எங்கள் ஆரோகண சங்கீதம் அவர்களுக்குச் சீயோன்மலைத் திருப்பயணப் பாடல். வேறு வேலையில்லாததால் இரண்டையும் அருகருகே விரித்து வைத்தேன். இரண்டாம் வசனத்தில் என் வேதாகமம், “தாயின் பால்மறந்த குழந்தையைப்போல” என்கிறது. திருவிவிலியமோ “தாய்மடி தவழும் குழந்தையென” என்கிறது. பழக்கப்பட்ட காதுக்கு முதல்முறையாக ஒரு சொல் இடறியது. பால்மறந்த குழந்தையா? பால் குடிக்கும் குழந்தையல்லவா நிறைவாக இருக்கும்?

மறுநாள் சிஸ்டரிடம் இதைக் கேட்டேன். “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்கல்ல? நீங்கதான் சொல்லணும், எனக்கு என்ன தெரியும்?” என்று திருப்பிவிட்டார்.

அதன்பின் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தபோது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் இளைய மகனுக்குப் பால் மறக்கடித்தது நினைவுக்கு வந்தது. இரண்டு வயது முடிந்தும் விடவில்லை. மாமியார் வேப்பிலையை அரைத்துத் தடவச் சொன்னார். முதல் இரவு வாயை வைத்தவன் முகத்தைச் சுளித்து, என்னை ஒரு பார்வை பார்த்தான். நம்பியவள் ஏமாற்றிவிட்டாள் என்ற பார்வை. அன்றிரவும், தொடர்ந்து நான்கைந்து இரவும் வீடே தூங்கவில்லை. மடியில் போட்டால் ரவிக்கையை இழுப்பான். இறக்கிவிட்டால் இன்னும் ஓங்கி அழுவான். நானும் அழுதேன். பிறகு ஒரு பிற்பகல், நான் சுவரோரம் கால் நீட்டி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தபோது, தானாக வந்து, முறத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, மடியில் தலை வைத்துப் படுத்தான். எதையும் கேட்கவில்லை, எதையும் தேடவில்லை. என் சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சும்மா கிடந்தான். அதுவரை அவன் மடிக்கு வந்ததெல்லாம் பாலுக்காக; அன்றுதான் எனக்காக வந்தான்.

எபிரேய மூலத்திலும் அந்தச் சொல்லுக்குப் பால்குடி மறக்கடிக்கப்பட்ட பிள்ளை என்றே பொருள். ஆகவே அந்த இடத்தில் என் பழைய வேதாகமம்தான் சரி. தவழும் குழந்தை அழகாக இருக்கிறது, ஆனால் வேப்பிலையின் கசப்பு அதில் இல்லை. அதே சமயம், திருவிவிலியம் அந்த வசனத்தில் “நிறைவும் அமைதியும்” என்கிறது. எங்கள் மொழிபெயர்ப்பு “அடக்கி அமரப்பண்ணினேன்” என்று நிறுத்திக்கொள்கிறது. மூலச் சொற்களுக்கு அடக்கி அமரப்பண்ணுவதே நெருக்கம். ஆனாலும், அந்தப் பிற்பகலில் மடியில் கிடந்தவனைப் பார்த்த எவளும் அதற்கு நிறைவு என்றுதான் பெயர் வைப்பாள். எனக்கு இரண்டு நூலும் தேவைப்பட்டன.

இங்கே ஒரு சிறு வரலாறு. இந்த மண்ணுக்கு உரியது என்பதால் சொல்கிறேன். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்தபோது, இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களின் அச்சு எந்திரத்தைக் கைப்பற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் இருந்த லுத்தரன் மிஷனரி ஃபப்ரிசியுஸ் கைக்குப் போனது; வேப்பேரி அச்சகத்திலிருந்து அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. அவர் தமிழை அடியொற்றித்தான் பவர் என்பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்பு அமைந்தது. என் பையில் இருந்தது அந்த வழியில் வந்தது. திருவிவிலியமோ கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு, 1995இல் வெளிவந்தது, அதில் பெரும்பங்கு ஆற்றிய கத்தோலிக்க விவிலிய நடு நிலையம் பக்கத்துத் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. பொது என்று பெயரிட்டும் எங்கள் வீடுகளில் அது நுழையவில்லை. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமே கடலூர்தான். ஆனால் 25 கிலோமீட்டர் தள்ளி வந்து ஒரு தியான இல்லத்து மேசையில்தான் நான் அந்த நூலை முதன்முறையாகப் பொறுமையாகத் திறந்தேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் மிகக் கடினமாக இருந்தது. காலையில் கிடைத்த வெளிச்சமெல்லாம் மூன்று மணிக்கு அணைந்துவிட்டது. ஜெபம் வரவில்லை. தலைவலி, கைப்பேசியின் மேல் ஏக்கம், அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு பற்றிய கவலை, இதற்காகவா 1,800 ரூபாய் என்ற எரிச்சல், எல்லாம் ஒன்றாக வந்தன. போதாக்குறைக்கு, இல்லத்தின் மற்றொரு கட்டடத்தில் ஒரு பள்ளி மாணவர் குழுவுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஒலிபெருக்கியோடு கைதட்டிப் பாடல் பழகினார்கள். மௌனத்துக்காகப் பணம் வாங்கியவர்கள் அதே நாளில் இதை அனுமதித்தது பெரிய தவறு. வெளியேறும்போது கருத்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று சிஸ்டரிடம் போனேன். வறட்சியின் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி என்றார். பிறகு மெதுவாக, “வேப்பிலை தடவியிருக்காங்கன்னு வச்சுக்குங்களேன்” என்றார். முந்தைய சந்திப்பில் நான் மகனைப் பற்றிச் சொல்லவே இல்லை. அவர் சொன்னது தற்செயலாகவும் இருக்கலாம், எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. ஆனாலும் நான் பையைப் பிரித்தேன்.

நற்கருணை பற்றியும் எழுத வேண்டும். என்னைப் போன்ற சீர்திருத்தச் சபையார் போனால் முதல் காலையிலேயே இதைச் சந்திப்பார்கள். கத்தோலிக்கர் அல்லாதோர் நற்கருணை வாங்குவது அவர்கள் ஒழுங்கில் இல்லை. அருட்தந்தை அதை முதல் நாளே தனியாக அழைத்து, வருத்தத்தோடும் தெளிவாகவும் சொல்லிவிட்டார். கூட்டத்தின் நடுவே தடுத்து நிறுத்தவில்லை. அதை அவர்களுடைய நாகரிகமாகவே எண்ணுகிறேன். ஆனாலும் மூன்று காலையும், பந்தியில் உட்கார்ந்தும் இலை போடாதவள்போல பெஞ்சில் இருந்தது வலித்தது. என் சபையில் திருவிருந்துக்கு எத்தனையோ முறை எண்ணமில்லாமல் முழந்தாளிட்டிருக்கிறேன். கிடைக்காதபோதுதான், அது என்னவென்று ஒவ்வொரு காலையும் உற்றுப் பார்த்தேன்.

மாலை ஆராதனை எனக்கு ஒத்துவரவில்லை. முதல் பத்து நிமிடம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அமைதியாக இருக்கும். பிறகு மின் இசைப்பலகை, உருக்கமான பாடல், அழச்சொல்லும் குரல். மற்றவர்களுக்கு அதில் ஆறுதல் கிடைத்திருக்கும், நான் குறைத்துச் சொல்லவில்லை. புதுச்சேரி அருகே வில்லியனூர் மாதா கோவில் குளக்கரையில் தங்கள் வேண்டுதலோடு வந்து நிற்பவர்களை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டே கேட்பதும் விசுவாசம்தான், குழந்தை அழுதுதான் பால் குடிக்கும். பகலெல்லாம் கேட்காமல் இருக்கப் பழக்கிவிட்டு, இரவில் மீண்டும் அழச் சொல்வதுதான் எனக்கு முரணாகப் பட்டது.

மூன்றாம் நாள் காலை நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றால், எதுவும் நடக்கவில்லை. பூவரச மரத்தடியில் உட்கார்ந்தேன். எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சமையல்கட்டில் தேங்காய் துருவும் சத்தம். நான் கர்த்தரிடம் ஒன்றும் கேட்கவில்லை, நன்றிகூடச் சொல்லவில்லை. கண்ணீர் இல்லை, தரிசனம் இல்லை, நெஞ்சில் அந்த எழுப்புதல் கூட்டத்துச் சூடும் இல்லை. மணி அடித்தபோது ஐம்பது நிமிடம் போயிருந்தது. அந்த ஐம்பது நிமிடத்தில் நான் ஒருமுறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சிஸ்டரிடம் போய் இதைச் சொன்னபோது, “சரி” என்றார். அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

ஞாயிறு மதியம் கைப்பேசி கைக்கு வந்தது. நாற்பத்தாறு செய்திகள், ஒன்றுகூட அவசரமில்லை. பேருந்து நிலையம் போகும் வழியில் மிஷன் வீதியில் இறங்கி, சம்பா கோவிலுக்குள் சற்று உட்கார்ந்தேன். புனித பவுலின் பெயர் பிரெஞ்சு வாயிலிருந்து தமிழ் வாய்க்கு வந்து சம்பா ஆயிற்று என்பார்கள். 1761இல் இடிக்கப்பட்ட இடத்தில் மீண்டும் எழுப்பி 1791இல் முடித்த பேராலயம் அது. மௌனம் அந்த இல்லத்தின் மதிலுக்குள் மட்டும்தான் கிடைக்குமா, வெளியிலும் வருமா என்று சோதித்துப் பார்க்க நினைத்தேன். வாசலில் இருசக்கர வண்டிகளின் ஆரன், உள்ளே ஒரு ஞானஸ்நான வீட்டாரின் படம் பிடிக்கும் ஆரவாரம். பத்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். மோசமில்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? பல ஆண்டுகளாகச் சபைக்குப் போய்வந்து, எல்லாம் தெரிந்தும் எதுவும் ருசிக்காமல் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். அண்மையில் இழப்பைச் சந்தித்தவர்கள், தூக்கமின்றி மருத்துவரிடம் போய்க்கொண்டிருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். தனிமையும் மௌனமும் சிலருக்கு மருந்து, சிலருக்குப் பாரம். வியாதி குணமாக வேண்டும், பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு போகிறவர்களுக்கு இந்த இல்லம் ஏமாற்றமே தரும். தனியாக வரும் பெண்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. இரவுக் காவல் உண்டு, பெண்கள் கூடத்துக்குச் சிஸ்டர்களே பொறுப்பு. தனி வழிகாட்டல் எல்லாருக்கும் தானாகக் கிடைப்பதில்லை, பதிவின்போதே கேட்டு வாங்க வேண்டும். என்னோடு வந்த பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் திரும்பினார்கள். அதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்காதது இல்லத்தாரின் குறை.

மதிப்பெண்: உணவுக்கு ஐந்து, அறைக்கு மூன்று, குளியலறைக்கு ஒன்று, உரைகளுக்கு இரண்டரை, இரண்டாம் நாள் பிற்பகல் மௌனத்துக்குச் சுழியம், மூங்கில் நாற்காலிக்கு ஐந்து. 1,800 ரூபாய் தகும்.

வீடு திரும்பி மூன்று மாதம் ஆகிறது. பாவ அறிக்கையின்போது மனம் இன்னும் புளி ஊறப்போடப் போகத்தான் செய்கிறது. காலையில் காப்பிக்கு முன் கால்மணி நேரம் சுவரோரம் கால் நீட்டி உட்கார்கிறேன். சில நாள் வறட்சி, சில நாள் அந்த மடி. எழுப்புதல் கூட்டத்தின் சுவரொட்டி மஞ்சக்குப்பத்தில் ஒட்டியிருக்கிறது. தேதியைப் பார்க்காமலே கடந்து போனேன் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். அடுத்த மௌனத் தியானத்துக்கு இடம் பதிந்தாயிற்று. குளியலறை சேர்ந்த அறை வேண்டுமா என்று கேட்டார்கள். பூவரச மரம் தெரியும் அந்தப் பழைய அறையே போதும் என்றேன். வாளியை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போகிறேன்.